தங்கைக்கு ஒத்துக்கொள்ளாத மருந்து

என் அண்ணன் இறந்தபோது மஞ்சள் காமாலை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். பத்தாவது பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தான். கண் மஞ்சளாயிற்று. வயிறு வீங்கியது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். மோரும் கஞ்சியுமாக வைத்திருந்தார்கள். கோடை முடிவதற்குள் போய்விட்டான். எங்கள் ஊரான அண்ணனூரில், எங்கள் தெருவில் அந்த வருஷம் இன்னும் சிலருக்குக் காமாலை வந்து சரியாகியிருந்தது. இவனுக்கு மட்டும் ஏன் சரியாகவில்லை என்று யாரும் கேட்கவில்லை. ரிசல்ட் வந்தபோது அவன் பாஸாகியிருந்தான். பேப்பரில் அவன் நம்பரைப் பார்த்துவிட்டு வந்து சொன்ன பக்கத்து வீட்டுக்காரர், சொன்ன பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். அம்மா அவருக்குக் காபி போட்டுக் கொடுத்தாள்.

எனக்கு வந்தது அதற்குச் சில வருஷங்கள் கழித்து, எண்பதுகளின் நடுவில். அப்போது நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சுவிட்ச் கம்பெனியில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். பெரிய மேஜையைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து சின்னச் சின்ன ஸ்பிரிங்கை எடுத்துப் பொருத்த வேண்டும். முதலில் கால் வீங்கியது. உட்கார்ந்தே வேலை செய்வதால் என்று நினைத்தேன். பிறகு மூக்கில் அடிக்கடி ரத்தம் வந்தது. மாதவிலக்கு நின்றுபோனது. உடம்பில் ரத்தமில்லை என்று அம்மா முடிவு செய்து, ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆட்டு ஈரல் வாங்கி மிளகு போட்டு வறுத்துக் கொடுத்தாள். தங்கைக்கும் அப்பாவுக்கும் கறி. ஈரல் முழுக்க எனக்கு. நான் அதை விரும்பிச் சாப்பிட்டேன்.

கம்பெனிக்கு வரும் டாக்டர் என் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, இங்கே ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லி, பட்டணத்திலிருந்த பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அங்கே ஈரல் நோய்களைப் பார்க்கும் பிரிவில் ஒரு டாக்டரம்மா இருந்தார். நடுவயது. கண்ணாடி போட்டிருப்பார். சிரிக்கவும் மாட்டார், சிடுசிடுக்கவும் மாட்டார். என்னை ஜன்னல் பக்கம் திரும்பச் சொல்லி டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார். பிறகு கண் பிரிவுக்கு அனுப்பினார்.

கண் பிரிவில் ஒரு கருவியின் முன்னால் உட்காரவைத்தார்கள். தாடையை ஒரு தாங்கியில் வைத்துக்கொண்டு அசையாமல் பார்க்க வேண்டும். பார்த்த டாக்டர் வெளியே போய் இன்னொருவரைக் கூட்டிவந்தார். அவர் இன்னும் சிலரை. ஒருவர் பின் ஒருவராக வந்து என் கண்ணுக்குள் பார்த்துவிட்டுப் போனார்கள். கருவிழியின் ஓரத்தைச் சுற்றிப் பாசி நிறத்தில் ஒரு வளையம் இருக்கிறதாம். நான் தினமும் கண்ணாடி பார்க்கிறவள்தான். கண்டதில்லை. அவர்கள் பேசிக்கொண்டது எனக்குப் புரியவில்லை. கழுத்துதான் வலித்தது.

அடுத்த முறை அப்பா, அம்மா இருவரையும் கூட்டிவரச் சொன்னார் டாக்டரம்மா. அப்பா ஃபவுண்டரியில் ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்தார்.

"நாம சாப்பிடற சாப்பாட்டுல கொஞ்சூண்டு செம்பு இருக்கும். எல்லாருக்கும் அது தானா வெளியே போயிடும். இந்தப் பொண்ணுக்குப் போகல. ஈரல்லயே தங்கிடுது. அங்க நிரம்பினா கண்ணு, மூளைன்னு போகும்" என்றார்.

"ஊட்ல செம்புக் குடம் ஒண்ணு கீது. அதுல தண்ணி வெச்சிக் குடிச்சதாலயா?" என்று அம்மா கேட்டாள்.

"அதனால வரலம்மா. பிறக்கும்போதே வந்தது. ஆனா குடத்த எடுத்து வெச்சிடுங்க." அப்புறம் என்னென்ன சாப்பிடக் கூடாது என்று சொல்ல ஆரம்பித்தார். வேர்க்கடலை, முந்திரி, எறா மீன். "முக்கியமா ஈரல் சேர்க்கவே கூடாது. ஆட்டு ஈரல்ல செம்பு நிறைய."

அம்மா என்னைப் பார்க்கவில்லை. மேஜையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க கல்யாணம் சொந்தத்துலயா?"

"எங்க அம்மாவோட தம்பியத்தான் கட்டிக்கினேன்" என்றாள் அம்மா.

"கூடப் பொறந்தவங்க எத்தனை பேர்?" இதை என்னிடம் கேட்டார்.

"தங்கச்சி ஒண்ணு. அண்ணன் ஒருத்தன் இருந்தான்."

"என்ன ஆச்சு அவனுக்கு?"

"காமாலைல பூட்டான்" என்று அப்பா சொன்னார்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். பிறகு அவர், அண்ணனுக்கும் இதுவாகத்தான் இருந்திருக்கும் என்று மெதுவாகச் சொன்னார். அப்பா கேட்ட ஒரே கேள்வி, "இது யார் கையிலேர்ந்து வந்துச்சும்மா? என் கையிலேர்ந்தா, இவ கையிலேர்ந்தா?" என்பதுதான்.

"ரெண்டு பேர்கிட்டேர்ந்தும். பாதி பாதி."

அன்று ரயிலில் திரும்பும்போது அப்பா ஆண்கள் பக்கம் நின்றுகொண்டு வந்தார். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "பாதி பாதியாம்" என்று அம்மாவிடம் சொன்னார். அவளும் கூடத்தான் இருந்து கேட்டாள். இருந்தாலும் சொன்னார். அதற்குப் பிறகு அவர்கள் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கறி எடுப்பதை அம்மா நிறுத்திவிட்டாள்.

மாத்திரை என்பது ஒரு கேப்ஸ்யூல். வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டும். உடம்பில் தங்கிய செம்பைப் பிடித்து இழுத்துச் சிறுநீரில் தள்ளிவிடும் என்றார் டாக்டரம்மா. எவ்வளவு நாள் சாப்பிட வேண்டும் என்று கேட்டேன். "இருக்கற வரைக்கும்" என்றார். நிறுத்தினால் என்ன ஆகும் என்று கேட்டேன். "நிறுத்தக் கூடாது" என்றார். சரி என்றேன். அப்போது எனக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. மத்தியானம் கேன்டீனில் அம்மா வாங்கித் தந்த தயிர் சாதத்தை முழுக்கச் சாப்பிட்டேன்.

அந்த மருந்து நோயைவிடக் கொஞ்சம்தான் நல்லது என்பது போலத்தான் அவர் பேசினார். சிலருக்கு ஆரம்பத்திலேயே காய்ச்சலும் தடிப்பும் வரும். சிலருக்கு ரத்தத்தில் அணுக்கள் குறையும். சிலருக்கு சிறுநீரகம் கெட்டு, உடம்புக்குச் சேர வேண்டிய புரதம் சிறுநீரில் ஒழுகிப்போகும். யாருக்கு எது வரும், முதல் மாதத்திலா பத்து வருஷம் கழித்தா என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதனால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் வாராவாரம் ரத்தம் எடுத்தார்கள், பிறகு மாதாமாதம். சில மாதங்களுக்கு ஒரு தடவை, ஒரு முழுநாள் சிறுநீரையும் ஒரு பிளாஸ்டிக் கேனில் பிடித்துக் கொண்டுபோக வேண்டும். எவ்வளவு செம்பு வெளியேறுகிறது என்று பார்க்க. அந்தக் கேனை லேபிலேயே ஆசிட் ஊற்றிக் கழுவித் தருவார்கள். அதில் எந்த உலோகமும் படக் கூடாது.

கேனை வயர் கூடையில் வைத்து, மேலே துண்டு போட்டு மூடி, காலை ரயிலில் பெண்கள் பெட்டியில் ஏறுவேன். வில்லிவாக்கத்தில் கூட்டம் நெருக்கும். ஒருதரம் பக்கத்தில் நின்ற அம்மா, "இன்னாமே, பால் கேனா? கொஞ்சம் அந்தாண்ட தள்ளி வையேன்" என்றாள். தள்ளி வைத்தேன்.

மாதம் ஒருமுறை லேபில் பார்ப்பது போதாது, வீட்டிலேயே பார்க்கலாம் என்று டாக்டரம்மாதான் கற்றுக்கொடுத்தார். ஒரு சோதனைக்குழாயும் அதைப் பிடிக்க மரக் கிளிப்பும் தந்தார். குழாயில் முக்கால்வாசி சிறுநீரை எடுத்து, மேல் பாதியை மட்டும் தீயில் காட்ட வேண்டும். கொதித்ததும் மேல் பகுதி வெள்ளையாகக் கலங்குகிறதா என்று பார்க்க வேண்டும். கலங்கினால் இரண்டு சொட்டு வினிகர் விட வேண்டும். கலக்கம் போய்விட்டால் பயமில்லை. போகாமல் நின்றால் புரதம்.

"நின்னா அன்னிக்கே வந்துடணும். மறுநாள் வரேன், லீவு கிடைக்கலன்னெல்லாம் சொல்லக் கூடாது."

எங்கள் வீட்டில் சமையல் திரி ஸ்டவ்வில்தான். அதில் அந்தக் குழாயைக் காட்ட அம்மா ஒப்பவில்லை. கொல்லைப்புறத்தில் குளியலறைச் சுவரோரம் ஒரு சிம்னி இல்லாத விளக்கை வைத்துக்கொண்டு செய்தேன். முதலில் தினமும், பிறகு வாரம் ஒருமுறை. எனக்கு அது ஒருநாளும் கலங்கவில்லை. கால் வீக்கம் வற்றியது. மூக்கில் ரத்தம் நின்றது. ஒரு வருஷத்துக்குள் கம்பெனிக்குத் திரும்பிப் போனேன். அதே மேஜை, அதே ஸ்பிரிங். என் இடத்தில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். சூப்பர்வைசர் அவளை நகரச் சொன்னார்.

தங்கையைச் சோதிக்க வேண்டும் என்று டாக்டரம்மா ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொண்டிருந்தார். அவளுக்கு ஒன்றுமில்லை. பள்ளிக்கூடத்தில் த்ரோபால் ஆடுவாள். ஆவடியில் நடந்த போட்டியில் ஜெயித்து ஒரு டிபன்பாக்ஸ் வாங்கிவந்தவள். நான்தான் ஒரு சனிக்கிழமை, போய் வந்ததும் கடற்கரைக்குப் போகலாம் என்று சொல்லிக் கூட்டிப்போனேன். ரத்தம் எடுத்தார்கள். கேன் கொடுத்தார்கள். அவள் கண்ணில் வளையம் இல்லை. ஆனால் மற்ற எல்லாம் இருந்தது. ஈரல் உள்ளே கெட ஆரம்பித்துவிட்டது, வெளியே தெரிய இன்னும் சில வருஷம் ஆகும், அதற்கு முன்னாலேயே மருந்தை ஆரம்பித்தால் நோயே வராமல் காப்பாற்றலாம் என்றார் டாக்டரம்மா. இவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்ததில் அவருக்குத் திருப்தி இருந்தது. அதை மறைத்துக்கொள்ளவும் இல்லை.

அவளுக்கும் அதே கேப்ஸ்யூல். அவளுக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை.

முதல் வாரம் காய்ச்சல் வந்து போனது. பிறகு சரியானது போலிருந்தது. சில மாதங்கள் கழித்து ஒருநாள் காலை அவள் முகம் உப்பியிருந்தது. தூக்கம் அதிகமாகிவிட்டது என்றாள். அவள் குழாயை நான்தான் தீயில் காட்டினேன். வெயில் அப்போதுதான் கொல்லைச் சுவரைத் தொட்டிருந்தது. மேல் பாதி அரிசி கழுவின தண்ணீர் போல வெளுத்தது. வினிகர் விட்டேன். அப்படியே நின்றது. இன்னும் விட்டேன். முட்டையின் வெள்ளைக் கரு வெந்தது போலத் திரிந்து கீழே இறங்கியது.

அவளிடம் சொல்லாமல், புடவை மாற்றிக்கொண்டு, "கிளம்பு" என்றேன்.

அன்றே படுக்கையில் சேர்த்துவிட்டார்கள். மாத்திரையை நிறுத்தினார்கள். இரண்டு நாளில் கால், வயிறு, கண் இமை எல்லாம் வீங்கி, அவளைப் பார்த்தால் வேறு யாரோ போலிருந்தது. அந்த வார்டில் நான் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தபோதுதான் அவள் பேசினாள்.

"எனக்கு இன்னா நோவு இருந்துச்சு?"

அடுத்த சுளையின் நாரை எடுத்தேன்.

"சொல்லுக்கா. எனக்கு எங்கனா வலிச்சுதா? நான் எதனா கேட்டனா? ஓடிக்கினு ஆடிக்கினு இருந்தேன். நீ வா பீச்சுக்குப் போலாம்னு இட்டுகினு வந்த."

"டாக்டரம்மா சொன்னாங்க."

"அவங்க சொன்னாங்க. நீதான் இட்டுகினு வந்த." சத்தம் போடவில்லை. வீங்கிய இமைகளுக்குள் கண் ஒரு கோடாகத்தான் தெரிந்தது. "நோவு உனக்கு. உனக்கு அது நல்லா ஆவுது. எனக்கு ஒண்ணுமே இல்ல. எனக்கு இப்புடி ஆவுது."

உரித்த ஆரஞ்சை அவள் கையில் வைத்தேன். வாங்கிக்கொண்டாள். சாப்பிட்டாள். அவள் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை என்று எனக்குப் பட்டது. கொட்டைகளைக் காகிதத்தில் பொறுக்கி எடுத்துக்கொண்டு போய் வெளியே போட்டுவிட்டு வந்தேன்.

வீக்கம் வடிய ஒரு பருவம் பிடித்தது. சிறுநீரில் புரதம் ஒழுகுவது நிற்க அதைவிட அதிகம். அந்த வருஷம் அவள் பரீட்சை எழுதவில்லை. அதற்கப்புறம் பள்ளிக்கூடத்துக்கும் போகவில்லை. கேப்ஸ்யூலுக்குப் பதிலாக அவளுக்குத் துத்தநாக மருந்து கொடுத்தார்கள். செம்பை உடம்புக்குள் ஏறவிடாமல் அது தடுக்குமாம். சிறுநீரகத்துக்குக் கெடுதலில்லை. ஆனால் குடித்ததும் வயிற்றைப் பிரட்டும். குமட்டலோடு அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதை அம்மா சமையலறையிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்கு அந்தத் தொல்லை எதுவும் கிடையாது. ஒரு வாய்த் தண்ணீரில் என் கேப்ஸ்யூல் போய்விடும். கொஞ்ச நாளில், அவள் பார்க்காத இடத்தில் போய் அதை விழுங்கப் பழகிக்கொண்டேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. எனக்குப் பார்த்த இடங்கள் விஷயம் தெரிந்ததும் திரும்பி வரவில்லை. சின்னவளையாவது முடித்துவிடலாம் என்று அப்பா நினைத்தார். மாப்பிள்ளை எஸ்டேட்டில் டர்னர். திருநின்றவூரில் வாடகை வீடு. அவரிடம் அப்பா, "ஈரல்ல கொஞ்சம் கோளாறு, மருந்து குடிச்சிகினு இருக்கணும்" என்று சொன்னார். சரி குடிக்கட்டும் என்றார் மாப்பிள்ளை. அமைதியான மனிதர். மறு வருஷம் ஒரு பெண் குழந்தை பிறந்தது.

குழந்தை பிறந்தபின் அவள் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. "தங்கச்சி வரலையா?" என்று டாக்டரம்மா ஒவ்வொரு தடவையும் கேட்டார். கைக்குழந்தை என்று சொன்னேன். அடுத்த தடவையும் அதையே சொன்னேன். திருநின்றவூருக்குப் போய் நேரடியாகவே கேட்டேன். மருந்து சாப்பிடுகிறாயா?

"நிறுத்திட்டேன். பால் குடுக்கறவளுக்கு எதுக்கு மருந்துன்னு மாமியார் கேக்கறாங்க. வவுறும் எரியுது." குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள். "எனக்கு இன்னாக்கா பண்ணுது? ஒண்ணும் பண்ணல. அன்னிக்கும் பண்ணல. மருந்து குடிச்சப்புறம்தான் பண்ணுச்சு."

டாக்டரம்மா சொன்னதையெல்லாம் திருப்பிச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். போகும்போது ஏரிக்கரைவரை கூட நடந்துவந்து, அங்கே விற்ற கீரையில் எனக்கு ஒரு கட்டு வாங்கிக் கொடுத்தாள். இரண்டு, மூன்று முறை போய்ச் சொல்லியிருப்பேன். அப்புறம் சொல்வதை விட்டுவிட்டேன். போய்ப் பார்ப்பேன், குழந்தையோடு இருப்பேன், வருவேன்.

குழந்தை பேச ஆரம்பித்த பிறகு, ஒருநாள் கம்பெனி வாசலில் மாப்பிள்ளை சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அவர் அதற்கு முன் அங்கே வந்ததில்லை.

"அண்ணி, அவ கண்ணு மஞ்சளா கீது. காலும் வீங்கிகினு கீது. கூப்ட்டா வர மாட்டேங்கறா. நீங்க வந்து சொல்லுங்க."

"நான் சொன்னா வருவாளா?"

"உங்க பேரத்தான் சொல்றா. அக்கா வந்தா போறேங்கறா."

சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து ஸ்டேஷன்வரை போனேன். அங்கிருந்து ரயில். அவள் வாசலிலேயே பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குழந்தையை மாமியாரிடம் கொடுத்திருந்தாள். முகம் மெலிந்து வயிறு மட்டும் முன்னால் இருந்தது. அண்ணனின் வயிறு அப்படித்தான் இருந்தது.

"போலாமா?" என்றாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவளைத் திட்டவில்லை. வயிற்றிலிருந்து நீரை எடுத்தார்கள். துத்தநாகம் மட்டும் இப்போது போதாது, தங்கிய செம்பை வெளியே இழுத்தாக வேண்டும் என்றார். அதற்கு அந்தக் கேப்ஸ்யூல்தான். வெளிநாட்டில் வேறொரு மருந்து இருக்கிறது, இங்கே நமக்குக் கிடைக்காது என்றும் சொன்னார். அதே மாத்திரையை மிகக் கொஞ்சமாக ஆரம்பித்து, கூடவே சிறுநீரகத்தைக் காக்க இன்னொரு மாத்திரை தந்து, மெல்ல மெல்ல ஏற்றிப் பார்க்கலாம்.

"திரும்ப அதேமாதிரி ஆவாதா?" என்று தங்கை கேட்டாள்.

"ஆகலாம். ஆகாமலும் போகலாம்."

"ஆச்சுன்னா?"

"ஆன அன்னிக்கே தெரிஞ்சா நிறுத்திடுவோம். அதுக்குத்தான் தினமும் பார்க்கணும்."

தங்கை என்னைப் பார்த்தாள். "இவ பாத்துக்குவா" என்றாள்.

வார்டிலிருந்து விட்டதும் அண்ணனூருக்குத்தான் வந்தாள். குழந்தையையும் கூட்டிவந்தோம். அதற்கும் ரத்தம் எடுத்துப் பார்த்து, பயமில்லை என்று சொல்லியிருந்தார்கள். அதைக் கேட்டபோது அம்மா மட்டும் அழுதாள். நான் காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டேன்.

தினமும் காலையில், கம்பெனிக்குக் கிளம்புமுன், கொல்லையில் அந்த வேலை. அவள் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பாள். நான் விளக்கின் முன் குந்தியிருப்பேன். குழாய் தெளிவாக இருந்தால் கவிழ்த்துக் கழுவி வைப்பேன். அவள் எழுந்து போய்க் குழந்தைக்குப் பல் தேய்த்துவிடுவாள். மாத்திரையின் அளவை ஏற்றிய பிறகு வரும் காலைகளில் மட்டும் அவள் கொஞ்சம் பக்கத்தில் வந்து நிற்பாள்.

அப்படி ஏற்றிய ஒரு வாரத்தில் குழாய் கலங்கியது. மேல் பாதி முழுக்க வெள்ளை. அவளும் பார்த்தாள்.

"வந்துடுச்சு" என்றாள்.

"இரு."

வினிகர் பாட்டில் சமையலறையில் இருந்தது. எழுந்து போய் எடுத்துவந்தேன். அவள் நகராமல் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டு விட்டேன். ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு சொட்டு. மேலிருந்து புகை கலைவது போல வெள்ளை விலகி, மஞ்சள் தெளிந்தது. குழாயின் அடிவரை பார்க்க முடிந்தது.

"உப்புதான்" என்றேன். "புரதம் இல்ல."

"நல்லாப் பாரு."

தூக்கி வெளிச்சத்தில் காட்டினேன். அவள் என் கையோடு சேர்த்துக் குழாயைப் பிடித்து, வெகுநேரம் பார்த்தாள். சூடு ஆறிவிட்டிருந்தது.

"உனக்கு இது ஒரு தடவகூட கலங்கனதே இல்லயாக்கா?"

"இல்ல."

"ம்" என்றாள். பிறகு, "அன்னிக்கு ஆஸ்பத்திரில உன்ன நான் பேசிட்டேன் இல்ல" என்றாள்.

"நீ சரியாத்தான் சொன்ன."

குழந்தை உள்ளேயிருந்து கூப்பிட்டது. அவள் போனாள்.

மாத்திரை இந்த முறை அவளுக்குக் கெடுதல் செய்யவில்லை. ஏன் என்று டாக்டரம்மாவுக்கே சொல்லத் தெரியவில்லை. கண் மஞ்சள் போனது. வயிற்று நீர் திரும்பச் சேரவில்லை. கெட்டுப்போன ஈரல் கெட்டதுதான், ஆனால் மேலும் கெடாமல் நின்றது. ஒரு வருஷம் கழித்து மாப்பிள்ளை வந்து கூட்டிப்போனார். கிளம்பும்போது அவருக்கும் அந்தக் குழாய் வேலையைக் கற்றுக்கொடுத்தேன். லேத்தில் வேலை செய்கிற கை, நடுக்கமில்லாமல் பிடித்தார்.

எனக்கு வந்தது வேறு. அது மெல்ல வந்தது. கழுத்திலும் அக்குளிலும் தோல் தொளதொளத்துச் சுருக்கம் விழுந்தது. பின்கழுத்தில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் வட்டமாக வரிசைகட்டின. பல வருஷம் இந்த மருந்தைச் சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு இப்படி ஆகும், உயிருக்கு ஒன்றும் ஆகாது என்றார் டாக்டரம்மா. அளவைக் கொஞ்சம் குறைத்தார். எனக்கு முப்பது தாண்டியிருந்த சமயம். ரயிலில் ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்து, "உக்காருங்கம்மா, பேரப்பிள்ளைங்க எத்தினி?" என்று கேட்டாள். ஒன்று என்று சொன்னேன். அது பொய்யாகவும் தோன்றவில்லை.

ஒருமுறை எங்கள் இருவரையும் மாணவர்களுக்குக் காட்டினார்கள். ஓர் அறையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தார்கள். "ஒரே வீடு, ஒரே வியாதி, ஒரே மருந்து. ஒருத்தருக்கு வந்த கெடுதல் இன்னொருத்தருக்கு வரல" என்று டாக்டரம்மா அவர்களிடம் சொன்னார். மற்றதை இங்கிலீஷில் சொன்னார். ஒரு பையன் என் கழுத்தைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டான். பாருங்கள் என்றேன். தோலைப் பிடித்து இழுத்து விட்டான். தங்கை அவனைப் பார்த்த பார்வையில் அவன் கையை எடுத்துக்கொண்டான்.

தொண்ணூறுகளின் கடைசியில் டாக்டரம்மாவுக்கு வேறு ஊருக்கு மாற்றலாயிற்று. கடைசியாக அவரைப் பார்த்த அன்று இருவரும் சேர்ந்தே போயிருந்தோம். புதிதாக வருபவரிடம் எங்களைப் பற்றிச் சொல்லியிருப்பதாகச் சொன்னார். மருந்தை நிறுத்தக் கூடாது என்றார். தங்கை சரி என்றாள். நானும் சரி என்றேன். அவர் வேறு ஏதோ சொல்ல வந்தவர் போலக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதற்குள் அடுத்த ஆள் உள்ளே வந்துவிட்டார்.

திரும்பும் ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. கொரட்டூர் வருவதற்குள் தங்கை என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். இப்போதெல்லாம் அவளுக்குச் சீக்கிரம் களைப்பு வரும். அண்ணனூர் வந்ததும் எழுப்பினேன்.

"நான் எறங்கறேன். நீ தூங்கிடாத."

"ம். அவரு ஸ்டேஷனுக்கு வந்துடுவாரு" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். "அடுத்த தடவ புதன்கிழமயா?"

"புதன்கிழம."

இறங்கினேன். ரயில் நகர்ந்தது. அப்பா ஷிப்ட் முடிந்து வரும் நேரம். வழியில் கடையில் அரைக் கிலோ கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.